பலகைக்கு அடியில் ஒரு 'டிரக்'! பல்லைக் காப்பதும் அதுதான், உடைப்பதும் அதுதான்!!

"டிரக்" என்றால் நமக்கெல்லாம் லாரி. மூட்டை ஏற்றி வரும். கோயம்பேட்டுக்குத் தக்காளி கொண்டு வரும்.

ஆனால் ஒரு கையில் தூக்கிவிடக் கூடிய டிரக்கும் இருக்கிறது. எடை அரைக் கிலோ கூட வராது. அதன் மேல் ஒரு வாலிபன் ஏறி நிற்கிறான். நிற்பதோடு விட்டானா? பத்துப் படிக்கட்டு உயரத்தில் இருந்து குதிக்கிறான். சுவரில் ஏறுகிறான். இரும்புக் கைப்பிடியில் "கர்ர்ர்" என்று உரசிக் கொண்டு இறங்குகிறான். அவ்வளவையும் அந்தச் சின்ன டிரக் தாங்க வேண்டும்!

"ஸ்கேட் போர்டு" என்ற சக்கரப் பலகையைப் பலரும் பார்த்திருப்பார்கள். அதன் அடியில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு உலோகச் சட்டங்கள் இருக்கும். சக்கரங்கள் அதில்தான் மாட்டியிருக்கும். அந்தச் சட்டத்துக்குத்தான் டிரக் என்று பெயர்.

பலகை வாங்கப் போகிறவர்கள் மேலே உள்ள படத்தைப் பார்க்கிறார்கள். மண்டை ஓடு இருக்கிறதா, புலி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். சக்கரத்தின் கலரைப் பார்க்கிறார்கள். கவிழ்த்துப் பார்ப்பதில்லை. பையன் குப்புற விழுந்து உதட்டைக் கிழித்துக் கொண்டு வந்த பிறகுதான், "அடியில என்னடா இருக்கு?" என்று திருப்பிப் பார்க்கிறார்கள்.

இந்தக் குட்டி டிரக்கின் கதை வருமாறு:-

செருப்பில் பிறந்தது

கதை பலகையில் தொடங்கவில்லை. காலில் கட்டும் சக்கரச் செருப்பில் தொடங்கியது. அதாவது "ரோலர் ஸ்கேட்".

அந்தக் காலத்துச் சக்கரச் செருப்பு நேராகத்தான் போகும். திரும்ப வேண்டும் என்றால் காலைத் தூக்கி வைக்க வேண்டும். 1863-ம் ஆண்டு நியூயார்க்கைச் சேர்ந்த ஜேம்ஸ் லியோனார்ட் பிளிம்டன் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். செருப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ரப்பரை வைத்தார். எந்தப் பக்கம் காலைச் சாய்த்தாலும் சக்கரம் அந்தப் பக்கம் திரும்பியது.

சாய்ந்தால் திரும்பும்! இவ்வளவுதான் சூத்திரம். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைய ஸ்கேட் போர்டு டிரக்கும் இதே சூத்திரத்தில்தான் ஓடுகிறது.

அமெரிக்காவில் கலிபோர்னியா கடற்கரை ஊர்ப் பையன்கள் அலை மீது பலகை வைத்துச் சறுக்குகிறவர்கள். அலை இல்லாத நாளில் கை காலைக் கட்டிப் போட்ட மாதிரி இருக்கும். பழைய சக்கரச் செருப்பைப் பிய்த்தார்கள். பலகையில் வைத்து அடித்தார்கள். ரோட்டில் இறங்கி விட்டார்கள். இது 1950-களில் நடந்தது.

நம்ம ஊரிலும் பொடியன்கள் சும்மா இருந்தார்களா? ஒர்க் ஷாப்பில் கழித்துப் போட்ட பழைய பேரிங்கைக் கெஞ்சி வாங்கி, பலகையில் மாட்டி, தெருவே அதிரும்படி "கடகட" என்று ஓட்டியவர்கள்தான். என்ன ஒன்று, அந்தப் பேரிங் வண்டியைக் கயிறு கட்டியோ காலால் உதைத்தோ திருப்ப வேண்டும். சாய்ந்தால் திரும்பும் வித்தை அதில் கிடையாது.

கலிபோர்னியா பலகைக்கு முதலில் இரும்புச் சக்கரம். அடுத்து களிமண் கலவைச் சக்கரம். ஒரு பொடிக்கல் மாட்டினால் போதும். சக்கரம் நின்று விடும். பையன் நிற்க மாட்டான்! 1965-ம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவின் பல ஊர்களில் இந்தப் பலகைக்குத் தடை போட்டு விட்டார்கள். மோகமும் அடங்கியது.

குளத்தில் தண்ணீர் இல்லை

1970-களின் தொடக்கத்தில் பிராங்க் நாஸ்வொர்தி என்ற வாலிபர் யூரித்தேன் சக்கரத்தைப் பலகைக்குக் கொண்டு வந்தார். சிறு கல் மேல் ஏறினாலும் நிற்காது. வழுக்காது. சத்தமும் குறைவு. "காடிலாக்" என்ற பெயரில் அந்தச் சக்கரம் விற்றது.

சக்கரம் நல்லதாகி விட்டது. இப்போது டிரக் பழசாகி விட்டது! செருப்புக்குச் செய்த குறுகலான டிரக்கில் நின்று வேகமாகப் போனால் பலகை தள்ளாடியது.

அதனால் 1970-களின் நடுவில் பலகைக்கு என்றே தனி டிரக்குகள் வரத் தொடங்கின. "பென்னெட்" என்று ஒன்று. நன்றாகத் திரும்பும் என்று பெயர் வாங்கியது. "டிராக்கர்" என்று இன்னொன்று. அகலமாக இருக்கும், கெட்டியாக இருக்கும் என்று பெயர் வாங்கியது. ஒன்றில் இருந்தது மற்றொன்றில் இல்லை என்பது ஆட்டக்காரர்களின் குறை.

அந்த நேரத்தில்தான் வானம் கை கொடுத்தது. கை கொடுத்தது என்றா சொல்வது? கலிபோர்னியாவில் 1976, 1977-ம் ஆண்டுகளில் கடும் வறட்சி. பணக்காரர் வீட்டு நீச்சல் குளங்கள் காய்ந்தன. வீட்டுக்காரர் இல்லாத நேரம் பார்த்து, வேலி ஏறிக் குதித்தார்கள் பையன்கள். வளைந்த குளத்துச் சுவரில் பலகையை ஏற்றினார்கள். போலீஸ் வந்தால் ஓட்டம்! சாண்டா மோனிகா பக்கத்தில் "டாக் டவுன்" என்று சொல்லப்பட்ட பகுதிப் பையன்கள் இதில் பேர் போனவர்கள். டோனி ஆல்வா அவர்களில் ஒருவர்.

சுவரின் உச்சிக்குப் போகும்போது டிரக்கின் இரும்புக் கம்பி விளிம்புக் கல்லில் உரசியது. நெருப்புப் பொறி பறக்காத குறை. அந்த உரசலே ஒரு வித்தை ஆகி விட்டது. "கிரைண்ட்" என்று அதற்குப் பெயர். அன்று முதல் டிரக்குக்கு மூன்றாவது வேலையும் சேர்ந்தது. தாங்க வேண்டும், திரும்ப வேண்டும், சிமெண்டில் உரசியும் பிழைக்க வேண்டும்.

1978-ம் ஆண்டு "இண்டிபெண்டண்ட்" என்ற டிரக் வந்தது. சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த பாஸ்டோ விடெல்லோ, எரிக் ஸ்வென்சன் ஆகியோர் அதன் பின்னால் இருந்தவர்கள். திரும்பவும் வேண்டும், உடையவும் கூடாது என்பதே குறி. இன்றைக்கும் அது விற்பனையில் இருக்கிறது. இதே இருவர்தான் 1981-ல் "திராஷர்" என்ற ஸ்கேட் போர்டு பத்திரிகையைத் தொடங்கியவர்கள். டிரக் விற்க வந்தவர்கள் பத்திரிகையும் நடத்தினார்கள்!

லாரி மெக்கானிக்குக்குச் சொல்லவே வேண்டாம்

டிரக்கைப் பிரித்துப் பார்த்தால் அதிசயம் எதுவும் இல்லை. லாரி ஒர்க் ஷாப்பில் வேலை செய்கிறவருக்கு ஐந்து நிமிஷத்தில் புரிந்து விடும். பேர்கள் கூட ஒத்துப் போகின்றன.

பலகையில் நாலு போல்ட் போட்டு இறுக்கும் தட்டு "பேஸ் பிளேட்". அதற்கு மேல் 'டி' எழுத்து மாதிரி உட்கார்ந்திருப்பது "ஹேங்கர்". ஹேங்கருக்குள் ஒரு முனையில் இருந்து மறு முனை வரை ஓடும் உருக்குக் கம்பி "ஆக்சில்". அதன் இரண்டு முனைகளிலும் சக்கரம். பேஸ் பிளேட்டில் இருந்து சாய்வாகக் கிளம்பி, ஹேங்கரின் வளையத்துக்குள் நுழைந்து, மேலே நட்டு போட்டு முடியும் தடித்த போல்ட்டுக்குப் பேர் "கிங் பின்". லாரியின் முன் சக்கரத்திலும் கிங் பின் உண்டே, அதே பேர்தான்.

கிங் பின்னைச் சுற்றி, ஹேங்கருக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ரப்பர் புஷ். ரப்பர் என்று சொன்னாலும் உண்மையில் அது யூரித்தேன். ஹேங்கரின் மூக்கு மாதிரி நீட்டிக் கொண்டிருக்கும் முனை பேஸ் பிளேட்டில் உள்ள ஒரு சின்னக் குழியில் உட்காரும். குழிக்குள் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் இருக்கும். "பிவட் கப்" என்பார்கள்.

இடது பக்கம் சாய்ந்தால் இடது புஷ் நசுங்குகிறது. கிங் பின் சாய்வாக இருப்பதால் ஹேங்கர் சும்மா சாயாமல் திரும்பியும் கொடுக்கிறது. முன் டிரக்கின் இடது சக்கரம் பின்னால் வருகிறது. பின் டிரக்கின் இடது சக்கரம் முன்னால் போகிறது. இரண்டு இடது சக்கரமும் நெருங்குவதால் பலகை இடது பக்கமாக வட்டம் போடுகிறது. காலை எடுத்ததும் நசுங்கிய புஷ் நிமிர்ந்து, பலகையை நேராக்கி விடுகிறது.

இதில் ஒரு தமாஷ் உண்டு. தெருவில் ஓட்டும் சாதாரண பலகையில், இரண்டு கிங் பின்னும் பலகையின் நடுவைப் பார்த்து இருக்க வேண்டும். வீட்டில் தானே மாட்டுகிறேன் என்று சிலர் திருப்பி மாட்டி விடுகிறார்கள். அப்புறம் இடது பக்கம் சாய்ந்தால் பலகை வலது பக்கம் போகும்! ஏறினவன் ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம்.

8-ம் நம்பர் செருப்பு

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அகலம். பிராண்டு அப்புறம்.

பலகையின் அகலமும் ஆக்சிலின் மொத்த அகலமும் ஒன்றாக இருக்க வேண்டும். கால் அங்குலம், அதாவது சுமார் 6 மில்லி மீட்டர் வித்தியாசம் வந்தால் பரவாயில்லை. அதற்கு மேல் போகக் கூடாது. 8 அங்குலப் பலகைக்கு 8 அங்குல ஆக்சில். எட்டரைக்கு எட்டரை.

டிரக் குறுகலாக இருந்தால் பலகையின் ஓரத்தை மிதித்ததும் தடுமாறும். எதிர்ப்பக்கச் சக்கரம் தூக்கும். டிரக் அகலமாக இருந்தால் சக்கரம் வெளியே துருத்திக் கொண்டிருக்கும். காலால் உந்தும்போது பாதம் அதில் இடிக்கும்.

இங்கேதான் கடையில் குழப்பம். டிரக்கின் மேல் "139" என்று போட்டிருக்கும். அது அங்குலமா? விலையா? பையன் விழிப்பான். அப்பா அதைவிட அதிகமாக விழிப்பார்.

இண்டிபெண்டண்டில் 139 என்பது ஹேங்கரின் அகலம், மில்லி மீட்டரில். இரண்டு பக்கமும் சக்கரத்துக்காக நீட்டிக் கொண்டிருக்கும் கம்பியையும் சேர்த்தால் 8 அங்குலம் வரும். 144 என்றால் எட்டே கால். 149 என்றால் எட்டரை. சரி, இதை மனப்பாடம் செய்து கொண்டு வேறு பிராண்டுக்குப் போனால் அங்கே "5.2" என்று இருக்கும்! அது ஹேங்கரின் கணக்கு, அங்குலத்தில். மூன்றாவது கம்பெனிக்குத் தனிக் கணக்கு. செருப்புக் கடையில் ஒரு கம்பெனியின் 8-ம் நம்பர் இன்னொரு கம்பெனியில் 7-ம் நம்பராக இருக்கிறதே, அந்தக் கதைதான்.

ஆகையால் நம்பரைக் கேட்கக் கூடாது. "அண்ணே, ஆக்சில் எத்தனை அங்குலம்?" என்று கேட்க வேண்டும். கடைக்காரர் இழுத்தால் டேப்பை எடுத்து முனையில் இருந்து முனை வரை அளந்து பார்த்து விடலாம். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.

சடன் பிரேக்!

அடுத்தது உயரம். தாழ்வு, நடுத்தரம், உயரம் என்று மூன்று தினுசு இருக்கிறது. வித்தியாசம் சில மில்லி மீட்டர்தான். ஆனால் பல் போவதும் தங்குவதும் அந்தச் சில மில்லி மீட்டரில்தான் இருக்கிறது.

டிரக் தாழ்வாக இருந்து சக்கரம் பெரிதாக இருந்தால் என்ன ஆகும்? வேகமாகப் போய் வளைவில் சாய்கிறான். பலகை இறங்கிச் சக்கரத்தின் மேல் உட்காருகிறது. சக்கரம் அந்த நொடியே நின்று விடும். "வீல் பைட்" என்று இதைச் சொல்கிறார்கள். சக்கரம் பலகையைக் கடிக்கிறதாம்.

பஸ்சில் நின்று கொண்டு வருகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். டிரைவர் சடன் பிரேக் போட்டால் கம்பியைப் பிடிக்காதவர் எங்கே போய் விழுவார்? பலகையில் பிடிக்கக் கம்பி கூடக் கிடையாது.

50 முதல் 52 மில்லி மீட்டர் வரையுள்ள சின்னச் சக்கரத்துக்குத் தாழ்வான டிரக் போதும். 53, 54-க்கு நடுத்தரம். அதற்கு மேல் பெரிய சக்கரம் என்றால் உயரமான டிரக். புதுசாகக் கற்றுக் கொள்கிறவருக்கு நடுத்தர டிரக்கும் 52 அல்லது 53 சக்கரமும் போட்டுக் கொடுத்தால் வம்பு குறைவு.

ஏற்கெனவே வாங்கியாகி விட்டது, சக்கரம் உரசுகிறது, என்ன செய்ய? டிரக்கைத் தூக்கிப் போட வேண்டாம். பலகைக்கும் பேஸ் பிளேட்டுக்கும் நடுவில் "ரைசர்" என்ற மெல்லிய பிளாஸ்டிக் தகடு வைத்து உயர்த்தலாம். தகடு வைத்தால் போல்ட்டும் அந்த அளவுக்கு நீளமாக வேண்டும். பழைய போல்ட்டையே போட்டு, நட்டு பாதி மரையில் தொங்கிக் கொண்டிருந்தால் அது வேறு ஆபத்து.

உரசுகிறதா என்று எப்படித் தெரியும்? பலகையைக் கவிழ்த்துப் பார்த்தால் சக்கரத்துக்கு நேரே கறுப்புத் தழும்பு விழுந்திருக்கும். எல்லோரும் படிக்கத் தெரிந்த எச்சரிக்கை அது.

இரண்டு துண்டு 'ரப்பர்'

டிரக்கில் மிக மலிவான சாமான் புஷ்தான். ஆனால் ஆட்டத்தையே மாற்றுவதும் அதுதான்.

ஒரே டிரக்கை இரண்டு பேருக்குக் கொடுங்கள். ஒருவன் 35 கிலோ பொடியன். மற்றவர் 85 கிலோ ஆசாமி. பொடியன் எவ்வளவு சாய்ந்தாலும் பலகை அசையாது. ஆசாமி ஏறியதுமே அது தொட்டில் மாதிரி ஆடும். டிரக்கில் குறை இல்லை. புஷ்ஷின் கடினம் இருவருக்கும் ஒத்து வரவில்லை, அவ்வளவுதான்.

கடினத்தை எண்ணில் போட்டு, பக்கத்தில் "ஏ" என்று எழுதியிருப்பார்கள். எண் ஏற ஏறக் கடினம். பல டிரக்குகளில் கம்பெனியே போட்டு அனுப்புவது 90 ஏ-க்குப் பக்கத்தில் இருக்கும். அது நடுத்தர எடையுள்ள பெரிய ஆட்களுக்குச் சரி. சின்னப் பிள்ளைகளுக்கும் ஒல்லியானவர்களுக்கும் 80-களில் உள்ள மெதுவான புஷ் நல்லது. கனமான ஆளுக்கு 94, 95 என்று போகலாம். வடிவத்திலும் வித்தியாசம் உண்டு. பம்பரத் தலை மாதிரி கூம்பாக இருந்தால் சுலபமாகச் சாயும். உருளையாக இருந்தால் எதிர்த்து நிற்கும். சாதாரணமாகப் பலகைப் பக்கம் உருளையும் தரைப் பக்கம் கூம்பும் போட்டிருப்பார்கள்.

பிள்ளைக்குப் புதுப் பலகை வாங்கிக் கொடுத்து, ஒரு வாரத்தில் அது கட்டிலுக்கு அடியில் போய் விட்டது என்று வருத்தப்படும் பெற்றோர் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். பையனுக்குத் திறமை இல்லை என்று அர்த்தம் இல்லை. பெரிய ஆளுக்குப் போட்ட புஷ்ஷில் அவனை ஏற்றி விட்டிருக்கலாம். இரண்டு துண்டு யூரித்தேனை மாற்றினால் தீருகிற விஷயத்துக்குப் பலகையையே பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போட்டவர்கள் உண்டு.

கிங் பின் நட்டை எவ்வளவு இறுக்குவது? இதில் ஆட்டக்காரர்களுக்குள் இன்னும் சண்டை தீரவில்லை. லூசாக இருந்தால்தான் பலகைக்கு உயிர் இருக்கும் என்பது ஒரு கட்சி. இறுக்கமாக இருந்தால்தான் குதித்து இறங்கும்போது ஆடாது என்பது இன்னொரு கட்சி. இரண்டு கட்சியிலும் உலகப் புகழ் பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் இரண்டு எல்லை உண்டு. புஷ் பிதுங்கி, வாஷருக்கு வெளியே வழிகிற அளவுக்கு இறுக்கக் கூடாது. வெடித்து விடும். அதே மாதிரி நட்டுக்குள் இருக்கும் நைலான் வளையத்தை மரை பிடிக்காத அளவுக்குத் தளர்த்தவும் கூடாது. ஓட்டத்தில் நட்டு கழன்று விழும்.

இன்னொன்று: லூசான டிரக்கோடு பெரிய இறக்கத்தில் இறங்குவது விஷப் பரீட்சை. சான் பிரான்சிஸ்கோ ரோடுகள் மலைப் பாதை மாதிரி இருக்கும். அந்த இறக்கத்தில் வேகம் ஏற ஏற டிரக் இடதும் வலதுமாகத் தானே நடுங்க ஆரம்பிக்கும். "ஸ்பீட் வாபுள்" என்பார்கள். பயந்து உடம்பை விறைத்தால் நடுக்கம் இன்னும் கூடும். எடையை முன் காலில் போட்டு, முழங்காலை மடக்கிச் சமாளிக்க வேண்டும் என்கிறார்கள் அனுபவசாலிகள். சொல்வதற்குச் சுலபம்!

இறக்கத்தில் போவதற்கென்றே நீளப் பலகை தனியாக இருக்கிறது. அதன் டிரக்கில் கிங் பின் வெளிப்பக்கம் பார்த்து இருக்கும். அகலமும் அதிகம், 180 மில்லி மீட்டர் ஹேங்கர் சாதாரணம். அதைத் தெருப் பலகையிலும் இதை அதிலும் மாற்றி மாட்டி வித்தை காட்ட வேண்டாம்.

தங்கப் பேனா எதற்கு?

ஹேங்கரை அலுமினியக் கலவையில் வார்க்கிறார்கள். ஆக்சிலும் கிங் பின்னும் உருக்கு. இதுதான் சாதாரண டிரக். தெருவில் ஆடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு இதுவே போதும்.

விலை கூடினால் எடை குறையும். பேஸ் பிளேட்டை வார்க்காமல் அடித்துச் செய்திருப்பார்கள். கிங் பின்னையும் ஆக்சிலையும் உள்ளே குழாய் மாதிரி துளைத்திருப்பார்கள். அதற்கும் மேலே போனால் டைட்டானியம் ஆக்சில். போட்டிக்குப் போகிறவருக்கு அது வேண்டியிருக்கலாம். நிற்கவே பழகாத பிள்ளைக்கு டைட்டானியம் வாங்கித் தருவது, "அ" எழுதப் பழகுகிற குழந்தைக்குத் தங்கப் பேனா கொடுப்பது மாதிரி.

மறு பக்கத்தில் பொம்மைக் கடைப் பலகை. பார்க்க அசல் மாதிரியே இருக்கும். தொட்டுப் பார்த்தால் பேஸ் பிளேட் பிளாஸ்டிக். புஷ் இருக்க வேண்டிய இடத்தில் கல் மாதிரி ஒரு வளையம்.

கடையிலேயே சோதித்து விடலாம். பலகையைத் தரையில் வைத்து, மேலே ஏறி நின்று, ஒரு பக்கம் சாய வேண்டும். டிரக் திரும்புகிறதா? கால் எடுத்ததும் நேராகிறதா? இரண்டும் நடந்தால் சரி. அசையவே இல்லை என்றால் அது சக்கரம் வைத்த பலகைதானே தவிர ஸ்கேட் போர்டு இல்லை. அடுத்து, சக்கரத்தைக் கையால் சுற்றி விட வேண்டும். பேரிங் இருந்தால் சிறிது நேரமாவது சுற்றும். உடனே நின்றால் வேறு கடை பார்க்கலாம். ஹேங்கரைக் கையால் பிடித்து ஆட்டும்போது மூக்கு முனை குழிக்குள் "லொட லொட" என்றாலும் வேண்டாம்.

"தம்பி, நான் ஏறி நின்னு பாக்கலாமா?" என்று கேட்டால் நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார்.

மாமல்லபுரத்து கமலி

இதெல்லாம் அமெரிக்காக்காரர் சமாசாரம் என்று தள்ளி விடவும் முடியாது. மாமல்லபுரத்து மீனவர் குடும்பத்துச் சிறுமி கமலி வெறுங்காலோடு பலகை ஓட்டிய படம் உலகம் எங்கும் சுற்றியது. அவளையும் அவள் தாயையும் வைத்து சாஷா ரெயின்போ எடுத்த "கமலி" என்ற குறும்படம், 2020-ம் ஆண்டு பிரிட்டனின் பாப்டா விருதுக்கான இறுதிப் பட்டியலில் இடம் பிடித்தது.

ஒலிம்பிக்கிலும் இந்த ஆட்டம் சேர்ந்து விட்டது. 2020-க்கு உரிய டோக்கியோ ஒலிம்பிக், கொரோனாவால் 2021-ல் நடந்தது. அதில் பெண்கள் தெருப் பிரிவில் தங்கம் வாங்கிய ஜப்பானின் மோமிஜி நிஷியாவுக்கு வயது 13! ஆண்கள் பிரிவில் தங்கம் வாங்கிய யூட்டோ ஹோரிகோமே, 2024-ல் பாரிசிலும் தங்கம் வாங்கினார்.

மூன்று ஸ்பேனர், ஒரு சோப்பு

வாங்கிய பிறகு பராமரிப்பு. பெரிய செலவு இல்லை.

டிரக்கில் மூன்று தினுசு நட்டு. பலகையோடு பிணைக்கும் சின்ன நட்டுக்கு 3/8 அங்குல ஸ்பேனர். சக்கர நட்டுக்கு அரை அங்குலம். கிங் பின் நட்டுக்கு 9/16. மூன்றையும் ஒரே சாவியில் சேர்த்து 'டி' வடிவத்தில் விற்கிறார்கள். ஓட்டும் அதிர்வில் நட்டு தளரும். ஆகவே வாரத்துக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

சக்கர நட்டை மட்டும் முழு பலத்தோடு இறுக்கக் கூடாது. பேரிங் நசுங்கும். இறுக்கி விட்டு, சக்கரம் ஒரு நூல் அளவு இப்படியும் அப்படியும் நகரும்படி தளர்த்தி விட வேண்டும்.

திரும்பும்போது "கீச் கீச்" என்கிறதா? பிவட் கப் காய்ந்து விட்டது. ஹேங்கரைக் கழற்றி, குளியல் சோப்பைச் சீவிக் குழிக்குள் கொஞ்சம் போட்டால் வாயை மூடிக் கொள்ளும். எண்ணெய் ஊற்ற வேண்டாம். தூசியும் மண்ணும் ஒட்டிக் கொள்ளும்.

உரசி உரசி ஹேங்கரின் நடுப்பகுதி தேய்வது சகஜம். அது ஆட்டக்காரனுக்கு மெடல் மாதிரி. ஆனால் அலுமினியம் முழுவதும் தேய்ந்து, உள்ளே இருக்கும் உருக்குக் கம்பி பல்லை இளித்து விட்டால் டிரக்குக்கு ஓய்வு கொடுத்து விட வேண்டியதுதான். ஆக்சில் ஒரு பக்கம் உள்ளே போய் மறு பக்கம் அதிகமாக நீட்டிக் கொண்டிருந்தாலும் அப்படித்தான். பேஸ் பிளேட்டில் முடி மாதிரி விரிசல் தெரிந்தால் அன்றைக்கே ஆட்டத்தை நிறுத்த வேண்டும்.

கிங் பின் உடைந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலான நல்ல டிரக்குகளில் அது தனியாக விற்கும். புஷ், வாஷர் எல்லாம் வந்த வரிசையை மறக்காமல் கழற்றி வைத்து, பழைய பின்னைச் சுத்தியலால் தட்டி எடுத்து, புதிதைப் பேஸ் பிளேட்டின் அடியில் இருந்து தட்டி ஏற்ற வேண்டும். பின்னின் தலை தட்டுக்குள் சமமாக உட்காரும் வரை தட்ட வேண்டும். துருத்திக் கொண்டிருந்தால் பலகையில் சரியாகப் படியாது.